பதினாலுக்கு எட்டு: ஒரு புற்றரையின் மண் அறிக்கை

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு உள்துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மண்டபமும், மண்டபத்தின் முன்னால் இருபது பேர்ச் பரப்பில் ஒரு புற்றரையும் இருக்கின்றன. மண்டபத்தில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. மின்விசிறிகள் சுழலத் தொடங்கினால் தலைவர் பேசுவது கேட்காது என்பதைத் தவிர அதற்குச் சிறப்பு எதுவும் கிடையாது. கலியாண வீட்டார் எங்களைத் தேடி வருவது புல்லுக்காகத்தான். அதில் நின்றால் பின்னால் கப்பல்கள் தெரியப் படம் எடுக்கலாம். அந்தப் புல் சென்ற மாரி முடிந்த கையோடு மஞ்சளாகத் தொடங்கியது. பங்குனியில் அது எலுமிச்சைத் தோலின் நிறத்துக்கு வந்துவிட்டது.

நான் சங்கத்தின் செயலாளர். அரச சேவையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். தாபன விதிக்கோவையை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த அறிவு ஒரு மனிதரை ஏறக்குறைய வேலையை விட்டு அனுப்பிவிட இருந்தது என்பதால் சொல்கிறேன்.

அந்த மனிதர் எங்கள் தோட்டக்காரர். கிண்ணியாவிலிருந்து வருகிறவர், ஐம்பத்தைந்து வயது. ஒன்பது ஆண்டுகளாகக் காலை ஆறரை மணிக்குப் பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்வார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவர் என்னை மிஸ் என்பார். அதற்கு மேல் எங்களுக்குள் கதை குறைவு. புல் பச்சையாக இருக்கும்வரை யாரும் தோட்டக்காரரிடம் கதைப்பதில்லை.

பங்குனிக் கூட்டத்தில் தலைவர் விசயத்தை எடுத்தார். அவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். வாழ்நாள் முழுவதும் தார் ஊற்றிப் பழகியவர். அவருடைய தம்பியின் மகளுக்கு ஆவணியில் எங்கள் புற்றரையில் வரவேற்பு என்று ஏற்பாடாகியிருந்தது.

"யூரியா போட்டால் புல் பச்சையாய் வரும். வரேல்லை. அப்ப போடேல்லை. இதுக்கு என்ன பெரிய ஆராய்ச்சி?" என்றார்.

"போடேல்லை எண்டால் யூரியா எங்கை போனது?" என்று கேட்டார் ஓய்வுபெற்ற தபாலதிபர். அவர் எங்கள் பொருளாளர். எதையும் அடுத்த படிக்குக் கொண்டுபோவதில் கெட்டிக்காரர்.

"அவருக்குக் கிண்ணியாவிலை வயல் இருக்கெல்லோ? தட்டுப்பாட்டு நேரம் பசளைக்குச் சனம் எவ்வளவு அலைஞ்சது எண்டு தெரியாதே? மண்டபத்துக்குப் பின்னாலை போய்ப் பாருங்கோ. அவர் இருந்து சாப்பிடுற இடம் மட்டும் பச்சைப் பசேல் எண்டு நிக்குது" என்றார் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வாக்கியத்தில் தலைவர், "நாளையோடை நிப்பாட்டுவம்" என்றபோது எனக்குள் இருந்த உத்தியோகத்தர் எழும்பிவிட்டார். விளக்கம் கேட்காமல், விசாரணை இல்லாமல் ஒருவரை நிறுத்த ஏலாது என்றேன். இது கருணையில் பிறந்ததல்ல. படிவம் நிரப்பாமல் எதையும் செய்வது எனக்குக் கூச்சம்.

"அப்ப நீங்களே விசாரியுங்கோ" என்றார் தலைவர். "அடுத்த கூட்டத்துக்கு அறிக்கை வேணும். அவர் சுத்தம் எண்டு காட்டினால் இருக்கட்டும். இல்லாட்டி போகட்டும்."

இப்படித்தான் நான் விசாரணை அதிகாரியானேன்.

அடுத்த நாள் தோட்டக்காரரை மண்டபத்துக்குள் அழைத்து, கதிரை கொடுத்து, எதிரே கொப்பியோடு உட்கார்ந்தேன். அவர் கதிரையின் நுனியில் இருந்தார்.

"நானா, மாரிக்குப் பிறகு எத்தினை தரம் யூரியா போட்டனீங்கள்?"

"நீங்க சொன்ன மாதிரித்தான் மிஸ். மாசம் ஒருக்கா."

"முழுதையும் போட்டனீங்களா?"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். "என்னத்தக் கேக்கிறீங்க எண்டு விளங்குது மிஸ். போட்டன். அல்லாஹ்வுக்குத் தெரியும்."

"அதை நான் எழுத ஏலாது."

"அப்ப இத எழுதுங்க. முன்னுக்குப் போட்டா மூக்குல அடிக்கிது. கண்ணும் எரியிது. முந்தி இப்பிடி இல்ல. அதே பசளையத்தான் பின்னுக்கும் போடுறன். அங்க மணக்கிறல்ல."

எழுதிக்கொண்டேன். பக்க ஓரத்தில் 'விடயத்துக்குப் புறம்பானது' என்று ஒரு குறிப்பும் போட்டேன்.

விசாரணைக்குச் சான்று வேண்டும். மண்ணைப் பரிசோதித்தால் யூரியா போட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும் என நினைத்தேன். இரத்தப் பரிசோதனையில் சீனி தெரிகிற மாதிரி மண்ணில் பசளை தெரியும் என்பது என் கணிப்பு. எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைப் போய்ப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும் ஒரு பிள்ளை. நான் சேவையில் இருந்த காலத்தில் அந்த வயதுக்காரர்கள் என்னை மெடம் என்பார்கள். அவர் "சொல்லுங்கோ அன்ரி" என்றார். ஓய்வூதியம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது.

"மண் எடுக்கிறது தெரியுமோ அன்ரி?"

"முறையைச் சொல்லுங்கோ, செய்வன்."

முறையைச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரே இடத்தில் எடுக்கக் கூடாது. புற்றரையில் வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இடத்தில் எடுக்க வேண்டும். மேலே இருக்கிற புல்லையும் சருகையும் விலக்கிவிட்டு, வீ எழுத்தைப் போலக் குழி வெட்டி, ஒரு கை அகல ஆழத்துக்கு அதன் பக்கத்திலிருந்து ஒரு சீவல். நாகத் தகட்டு வாளி கூடாது, பிளாஸ்டிக் வாளி. எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்கை வீசிவிட வேண்டும். மிச்சத்தைத் திரும்பவும் கலந்து, நாலாக்கி, இரண்டை வீச வேண்டும். அரைக் கிலோ வரும்வரை இப்படியே. பிறகு நிழலில் காயவைத்துப் பையில் கட்டி, பெயரெழுத வேண்டும். பாதியை வீசி வீசி உண்மையை நெருங்குகிற ஒரே அலுவலக நடைமுறை இதுதான். எங்கள் கோவைகளில் எதையும் வீச விடமாட்டார்கள். அதனால்தானோ என்னவோ உண்மை கிடைக்கிறதேயில்லை.

சனிக்கிழமை காலை தோட்டக்காரர் குழி வெட்ட, நான் வாளியோடு பின்னால் நடந்தேன். துறைமுகப் பக்கமிருந்து காற்றில்லை. நகரத் தெருக்களில் சுற்றித் திரிகிற மான்களில் மூன்று திறந்திருந்த கேற்றால் உள்ளே வந்து, முன்பக்கப் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, மண்டபத்துக்குப் பின்னால் போய் மேயத் தொடங்கின. விசாரணையின் முதற் சாட்சிகள் அவைதான். ஆனால் மான்களிடம் வாக்குமூலம் எடுக்க விதிக்கோவையில் இடமில்லை.

தோட்டக்காரர் மண்வெட்டியை ஊன்றி நின்று அவற்றைப் பார்த்தார்.

"மிஸ், பின்னுக்கும் ஒரு பை எடுப்பமா?"

"குற்றச்சாட்டு முன்பக்கத்தைப் பற்றித்தான் நானா."

"ஓம். ஆனா ரெண்டும் ஒரே மண். புல்லுப் பதிக்கக்குள்ள கந்தளாயில இருந்து ஒரே நாள்ல நாலு லோட் செம்மண் வந்திச்சி. நான்தான் பரவின. ஒரே புல்லு. ஒரே கிணத்துத் தண்ணி. மறுகா ஏன் ஒண்டு மஞ்சள், ஒண்டு பச்சை?"

இருந்து சாப்பிடுகிற இடம் என்ற பகிடி அவருடைய காதுக்கும் எட்டியிருந்ததா என்று எனக்குத் தெரியாது. இன்னொரு பை எடுத்தோம். முன்பக்கத்துக்கு 'அ', பின்பக்கத்துக்கு 'ஆ' என்று எழுதினேன்.

அறிக்கை மூன்று கிழமையில் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு நாலு நாள் இருந்தது. வீட்டில் தேத்தண்ணியோடு உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நான் ஆயிரக்கணக்கான இரகசிய அறிக்கைகளையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் வாசித்தவள். ஒரு பக்க அட்டவணை என்னை என்ன செய்துவிடும்?

பீ.எச். பெறுமானம்: 'அ' எட்டு தசம் ஒன்று, 'ஆ' ஆறு தசம் நாலு. அளவுத்திட்டம் பதினாலு வரை என்று அடியில் போட்டிருந்தது. பதினாலுக்கு எட்டு. அரைவாசிக்கு மேல். சித்தி, பாஸ். 'ஆ' அரைவாசிக்குக் கீழ். கல்சியம்: 'அ' உயர்வு, 'ஆ' நடுத்தரம். மக்னீசியம்: 'அ' மிக உயர்வு, 'ஆ' நடுத்தரம். பொற்றாசியம் இரண்டுக்கும் நடுத்தரம். இரும்பு: 'அ' மிகக் குறைவு, 'ஆ' போதுமானது. ஒரு பாடத்தில் மட்டும் கோட்டை விட்டிருக்கிறது, பரவாயில்லை.

ஆக, முன்பக்கம் எல்லா வகையிலும் கெட்டிக்கார மண். பின்பக்கம் சாதாரணம். கெட்டிக்கார மண்ணில் புல் மஞ்சளாக நிற்கிறது என்றால் மண்ணில் குறையில்லை. குறை மண்ணுக்கு வெளியே இருக்கிறது. அதாவது மனிதரில்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேனையை எடுத்து எழுதினேன். 'கிடைத்துள்ள சான்றுகளின் சமநிலையில், பசளை உரிய முறையில் இடப்படவில்லை என்ற முடிவுக்கே வர வேண்டியுள்ளது.' நல்ல வாக்கியம். யாரும் யாரையும் எதுவும் செய்யாத வாக்கியம். இப்படிப்பட்ட வாக்கியங்களில்தான் நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் சம்பளம் எடுத்தேன்.

கையெழுத்துப் போடுமுன் அட்டவணையைத் திரும்பச் சரிபார்த்தேன். நைதரசன் என்ற வரியே இல்லை. யூரியா என்றால் நைதரசன் என்பது எனக்கும் தெரியும். நான் கேட்டது நைதரசனை. இவர்கள் தந்தது மிச்ச எல்லாவற்றையும். பூரணமற்ற அறிக்கையை இணைப்பாக வைக்க ஏலாது. எனவே, மறுநாள் காலை அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு போதனாசிரியரிடம் முறைப்பாடு செய்யப் போனேன். அந்த மனிதருக்காகப் போகவில்லை. ஒரு வரி குறைகிறதென்று போனேன்.

"நைதரசன் வராது அன்ரி" என்றார் அந்தப் பிள்ளை. "அது மண்ணில நிலையா நிக்கிறேல்லை. மழைக்குக் கீழ போகும், வெயிலுக்குக் காத்தாப் போகும். இண்டைக்கு எடுத்தால் ஒண்டு, நாளைக்கு எடுத்தால் இன்னொண்டு. அதாலதான் சாதாரண பரிசோதனையில பாக்கிறேல்லை."

"அப்ப ஒருவர் யூரியா போட்டாரா இல்லையா எண்டு மண் சொல்லாதா?"

"மண் சொல்லாது."

"பரவாயில்லை. மற்றப் பாடங்களில் நல்ல பெறுபேறுதானே" என்று என் வாசிப்பைச் சொன்னேன். பதினாலுக்கு எட்டு, சித்தி என்றதும் அந்தப் பிள்ளை வாயைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சொறி அன்ரி. இது மார்க் இல்லை. ஏழுதான் நடு. கீழ போனால் புளிப்பு, மேல போனால் சுண்ணாம்புக் குணம். புல்லுக்கு ஆறுக்கும் ஏழுக்கும் இடையில வேணும். உங்கட ஆறு தசம் நாலுதான் முதலாம் பிள்ளை. எட்டு தசம் ஒண்டு பெயில்."

"ஒண்டரைக்குக் கொஞ்சம் மேலதானே வித்தியாசம்?"

"ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு, அன்ரி. இந்த ரெண்டுக்கும் இடையில கிட்டத்தட்ட அம்பது மடங்கு."

அம்பது மடங்கு. அதை ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். 'உயர்வு' என்ற சொல்லுக்கும் அப்படியே. அது பாராட்டு அல்லவாம். வயிறு நிறைந்த பிறகும் இலையில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று அர்த்தமாம். இனிப் போடாதே என்பதற்கு அவர்கள் பாசையில் 'மிக உயர்வு'.

"புல்லைப் பாக்க வேணும்" என்று சொல்லி, தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் ஸ்கூட்டியில் என்னையும் ஏற்றிவந்தார். தோட்டக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு நின்றவர், எங்களைக் கண்டு குழாயைக் கீழே போட்டார். அந்தப் பிள்ளை முன்பக்கத்தில் முழங்காலில் இருந்து ஒரு புற்கிளையைப் பிடுங்கி எனக்குக் காட்டினார்.

"பாருங்கோ. நுனியில இருக்கிற இளசு மஞ்சள். ஆனா நரம்பு பச்சை. அடியில இருக்கிற கிழடு நல்ல பச்சை. யூரியா இல்லாட்டி இது மற்றப் பக்கமாய் இருக்கும். கிழடுகள் தங்களிட்ட இருக்கிறதை இளசுக்கு அனுப்பிப்போட்டு முதல் தாங்கள் மஞ்சளாகும். இரும்பை அப்பிடி அனுப்ப ஏலாது. கிழடு பச்சையாய் இருக்கும், இளசு காயும்."

கிழடுகள் பச்சையாகவும் இளசுகள் மஞ்சளாகவும் நிற்கிற ஒரு அமைப்பு. எனக்கு எங்கள் செயற்குழு ஞாபகம் வந்தது.

"மண்ணில இரும்பு இல்லையா?"

"இருக்கும். இந்தச் செம்மண்ணின்ர சிவப்பே இரும்புதான். சுண்ணாம்புக் குணம் கூடினதால பூட்டுப்பட்டுக் கிடக்கு. புல்லால எடுக்க ஏலாது." பிறகு தோட்டக்காரரிடம் திரும்பினார். "ஐயா, யூரியா போட்டவுடன மணக்குதோ?"

"முன்னுக்கு மூக்குல அடிக்கிது. பின்னுக்கு இல்ல."

"ஆ, அதுதான். இப்பிடி மண்ணில மேலால போட்டால் யூரியா வாயுவாய்ப் போகும். போடாட்டி எப்பிடி மணக்கும்?" என்றார் என்னைப் பார்த்து. என் கொப்பியில் 'விடயத்துக்குப் புறம்பானது' என்ற குறிப்போடு கிடந்த வரி அது.

"முன்னுக்கு மட்டும் என்ன போட்டனீங்கள் ஐயா? மக்னீசியமும் கூடிக் கிடக்கு."

தோட்டக்காரர் குனிந்து குழாயை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார். அந்தப் பிள்ளை திரும்பவும் கேட்டார். அவர் இன்னும் ஒரு சுற்றுச் சுருட்டினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"டொலமைட்" என்றேன். "நான்தான் போடச் சொன்னனான்."

கருவிகள் வைக்கிற அறைக் கதவின் உட்பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பராமரிப்பு அறிவுறுத்தல்கள், ஒன்று முதல் பதினொன்று வரை. ஆறாவது: மாரிக்கு முன் முன்பக்கப் புற்றரைக்கு டொலமைட் இடுதல், ஆண்டுதோறும். சேவையின் நடுப்பகுதியில் மலைநாட்டில் ஏழு ஆண்டுகள் இருந்தேன். அங்கே மழை மண்ணைக் கழுவிக் கழுவிப் புளிப்பாக்கிவிடும். அதை முறிக்க, மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்லின் தூளான டொலமைட் போடாத தோட்டம் அங்கே இல்லை. நல்ல புல் என்றால் டொலமைட் என்று அங்கிருந்து கொண்டு வந்த அறிவு. இடமாற்றத்தில் வரும்போது சாமான்களோடு அதையும் கட்டிக்கொண்டு வந்து, சங்கத்தின் செயலாளரானதும் அவிழ்த்தேன். நான்கு மாரிகள். முன்பக்கம் என்று எழுதியதால் அவர் முன்பக்கத்துக்கு மட்டும் போட்டார். ஒரு பிடி கூடப் பின்பக்கம் போகவில்லை. அறிவுறுத்தலை இவ்வளவு சரியாகப் பின்பற்றிய ஊழியர் எனக்குச் சேவையில் கிடைத்ததில்லை.

முதல் ஆண்டில் அவர் கேட்டதும் ஞாபகம் வந்தது. சாக்கைத் தோளில் வைத்தபடி, "மிஸ், இந்த மண்ணுக்கு எதுக்குச் சுண்ணாம்பு?" என்றார். "நானா, அது சுண்ணாம்பில்லை, டொலமைட். எழுதியிருக்கிறதைச் செய்யுங்கோ" என்று சொல்லியிருந்தேன்.

போதனாசிரியர் போன பிறகு அவரிடம் கேட்டேன். "விசாரணையிலை இதை ஏன் சொல்லேல்லை?"

"நீங்கதானே மிஸ் விசாரிச்ச."

"அதுக்கு?"

"விசாரிக்கிற ஆளுட மேலயே பிழையச் சொல்லி ஆரு தப்பின?"

இந்தக் கேள்விக்கு விதிக்கோவையில் பதில் இருக்கிறது. விசாரணை அதிகாரிக்கு விடயத்தில் சம்பந்தம் இருக்கக் கூடாது, இருந்தால் விலக வேண்டும். நான் மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை வாசித்துக் காட்டிய பகுதி.

கூட்டத்தில் நான் ஒரு பக்க அறிக்கை வாசித்தேன். சமநிலை, முடிவுக்கு வர வேண்டியுள்ளது என்பதெல்லாம் அதில் இல்லை. இரண்டு பைகள், இரண்டு எண்கள், இரண்டுக்கும் இடையில் ஒரே ஒரு வித்தியாசம், அந்த வித்தியாசத்தின் கீழே என் கையெழுத்து. பிடுங்கி வந்த புல்லையும் மேசையில் வைத்தேன். தபாலதிபர் அதைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"அப்ப கள்ளன் ஆர்?" என்றார் தலைவர்.

"கள்ளன் இல்லை சேர். ஒரு மடைச்சி இருக்கிறா. அறிக்கை வாசிக்கிறவதான்."

"செயலாளருக்கு எதிராய் என்ன நடவடிக்கை எடுக்கலாம்? அதையும் நீங்கள்தான் சொல்ல வேணும், எங்களுக்கு முறை தெரியாது" என்றார் தபாலதிபர். எல்லோரும் சிரித்தார்கள். இந்தமுறை சிரிப்பு எனக்குப் பாரமாக இல்லை. டொலமைட்டை நிறுத்துவது, யூரியாவுக்குப் பதிலாக அமோனியம் சல்பேட், ஆவணிக்கு முன் இலைக்கு இரும்புக் கரைசல் விசிறுவது, மண் திரும்பி வர இரண்டு மூன்று மாரியாவது பொறுப்பது என்று தீர்மானித்தோம்.

"ஆளை இருக்கச் சொல்லுங்கோ" என்று தலைவர் கோவையை மூடினார்.

விசயம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை தோட்டக்காரரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

"சந்தோசம் மிஸ். இந்த மாசம் முடியக்குள்ள நான் நிக்கிறன்."

"நிக்கிறன் எண்டால்? வேலையை விடுறீங்களா? ஏன்?"

"வேல தந்திட்டீங்க. எனக்குப் போனது வேற." மெதுவாகத்தான் சொன்னார். பங்குனிக் கூட்டத்துக்கு முதல் கிழமை தலைவர் கிண்ணியா பசாரில் ஒரு பசளைக் கடைக்குப் போயிருக்கிறார். எங்கட தோட்டக்காரர் யூரியா கொண்டு வந்து குடுக்கிறவரோ என்று ஆட்களுக்கு முன்னால் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு இவர் அந்தக் கடைக்குப் போகிற நேரமெல்லாம், "வாங்க காக்கா, சாக்கு எங்க?" என்று ஒருவன் பகிடி விடுகிறான். காக்கா என்றால் அங்கே அண்ணன். பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குப் போவதை விட்டுவிட்டார். கதை மனைவியின் காதுக்கும் போய்விட்டது. "இஞ்ச வந்து போற வரைக்கும் அந்தக் கதையும் என்னோடயே வரும் மிஸ். ஒரு கடிதம் தாங்க. நான் எடுக்கல்ல எண்டு."

கடிதமென்றால் என் தொழில். அன்று மத்தியானமே இருந்து எழுதினேன். 'மேற்படி நபர் பசளை எதனையும் அகற்றவில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறோம்.' வாசித்துப் பார்த்தேன். இதைக் கையில் வைத்திருக்கிற மனிதரை நானே சந்தேகிப்பேன். 'இவர் நேர்மையானவர்' என்று இன்னொன்று. அது வேலையை விட்டுப் போகிறவருக்குக் கொடுக்கிற கடிதம். மூன்றாவதைத் தொடங்கி, 'வதந்தி' என்ற சொல்லில் நிறுத்தினேன். வதந்தியை அறியாதவர்களுக்கும் அதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிற வேலை அது. திருடவில்லை என்று ஒரு மனிதருக்குத் தாளில் எழுதிக் கொடுக்க வழியே இல்லை. இது எனக்கு அறுபத்தாறு வயதில்தான் தெரிந்தது.

தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

"நான் பகிடிக்குத்தானே கேட்டனான். அதுக்கெல்லாம் போய் நிண்டால் பெரிசாக்கின மாதிரி ஆகும், தங்கச்சி."

சரி, பெரிதாக்குவோம் என்று அடுத்த நாள் பத்து மணி பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போனேன். நான் சொல்லிவைத்தபடி பஸ் நிறுத்தத்தில் தோட்டக்காரர் மோட்டார் சைக்கிளோடு நின்றார். கடைக்கு இருவரும் நடந்தோம். உள்ளே முதலாளியும் சாக்குகளில் சாய்ந்தபடி மூன்று பேரும். தோட்டக்காரர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"அமோனியம் சல்பேட் இருக்கா? இரும்புச் சல்பேட்டும் வேணும்" என்றேன்.

"இரிக்கி. எதுக்கு மிஸ்?"

"துறைமுகப் பக்கத்து ஓய்வூதியர் சங்கத்துப் புல்லுக்கு. நான்தான் செயலாளர். புல்லு மஞ்சளாய்ப் போச்சு."

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். சபைகளில் பேசியிருக்கிறேன், ஆனால் எப்போதும் தாளைப் பார்த்துத்தான்.

"யூரியா போடாததால எண்டு எங்கட ஆக்கள் நினைச்சம். இஞ்ச வந்தும் கேட்டிருக்கினம். அது பிழை. இவர் ஒரு பிடி குறையாமல் போட்டவர். நான் டொலமைட் போடு எண்டு நாலு வருசமாய்ப் பிழையாய் எழுதிக் குடுத்தன். மண்ணைச் சோதிச்சுப் பாத்தாச்சு. பிழை என்ர. இவற்ற இல்லை."

"செம்மண்ணுக்கு டொலமைட்டா?" என்றார் சாக்கில் சாய்ந்திருந்த ஒருவர், உண்மையாகவே வருத்தத்தோடு. "ஆரு மிஸ் உங்களுக்குச் சொல்லித் தந்த?"

"ஒருதரும் இல்லை. அதுதான் பிரச்சினை."

"கச்சேரி உத்தியோகத்தர் தங்கட பிழை எண்டு சொல்லி நான் இண்டைக்குத்தான் காது குளிரக் கேக்கிறன்" என்றார் இன்னொருவர். முதலாளி அவரை அதட்டிவிட்டு, வாசலைப் பார்த்து, "காக்கா, என்ன வெளியில? உள்ளுக்கு வாங்களன். ரெண்டு கிழமையா உங்கட முகத்தையே காணல்ல" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

தோட்டக்காரர் உள்ளே வந்தார். ஆனால் இருக்கவில்லை. கடைக்குள் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"மிஸ், சாக்குக் கதை சொல்ற ஆள் இல்ல" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

"எங்கை?"

"அரிசி மில்லுக்குப் போயிருப்பான். வருவான்."

"எப்ப?"

"தெரியாது."

திரும்புகிற பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. அந்தக் கதிரையில் நான் இருந்தேன். முதலாளி பக்கத்துக் கடையிலிருந்து பிளேன்ரீ எடுப்பித்தார். பஸ் போனது, அடுத்த பஸ்ஸும் போனது. டொலமைட் எந்த மண்ணுக்குப் போட வேண்டும் என்று அந்த மூன்று பேரும் எனக்கு மாறி மாறிச் சொல்லித் தந்தார்கள். இரண்டு விசயத்தில் ஆளுக்காள் முரண்பட்டார்கள். பன்னிரண்டு மணியளவில் ஒரு மெலிந்த மனிதர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, முதலிலிருந்து திரும்பச் சொன்னேன்.